எடை குறையாத அப்பா

செந்தில்,

இதைக் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப் போகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் நீ, "சரிப்பா, மாத்திரை போட்டியா?" என்று கேட்டுவிடுவாய். நானும் "போட்டேண்டா" என்று சொல்லிவிடுவேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நம் இரண்டு பேருக்கும் பேச்சு இப்படித்தான் ஓடுகிறது. அதனால் உட்கார்ந்து படி. நடுவில் கோபம் வந்தால் போனைக் கீழே வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடு. கடைசிப் பக்கம் முடிக்காமல் மட்டும் என்னைக் கூப்பிடாதே.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஜெர்மனியிலிருந்து கூப்பிட்டு, "டிக்கெட் போட்டுட்டேன்ப்பா. மூணு வாரம் லீவு சொல்லிட்டேன். வந்த மூணாவது நாள் உனக்கு அட்மிஷன். முட்டிய மாத்திட்டு நீ வாக்கர் புடிச்சி நடக்கற வரைக்கும் கூடவே இருப்பேன்" என்றாய். போனை வைத்ததும் நான் செய்த முதல் வேலை அஞ்சலையைக் கூப்பிட்டு மாடி அறையைக் கழுவச் சொன்னதுதான். உங்கம்மா போன பிறகு தினமும் ஒரு வேளை வந்து சமைத்துவைத்து, வாசல் பெருக்கிவிட்டுப் போகிறாளே அடுத்த தெரு அஞ்சலை, அவள்தான். அந்த மாடிக்கு நான் ஏறியே இரண்டு வருஷம் ஆகிறது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நானும் அவளோடு ஏறினேன். இருபத்தோரு படி. கைப்பிடியைத் தொடவே இல்லை. உன் கட்டிலைச் சுவர் ஓரமாக நகர்த்திப் போட்டதும் நான்தான்.

ஆமாம், செந்தில். எனக்கு ஆபரேஷன் தேவை இல்லை. இருபது வயசு முட்டி வந்துவிட்டது என்று சொல்லவில்லை, தேய்ந்தது தேய்ந்ததுதான். காலையில் எழுந்ததும் கொஞ்சம் பிடிக்கும், நாலு அடி நடந்தால் விட்டுவிடும். எடை பத்து கிலோ குறைந்திருக்கிறது. ஏரிக்கரை முழுக்க நடந்துவிட்டு வந்து சைக்கிளும் மிதிக்கிறேன். ஆனால் அந்த ஆன்லைன் வகுப்பிலிருந்து உனக்கு வாரா வாரம் வருகிற ரிப்போர்ட்டில் எடை எண்பத்து நாலு, வலி பத்துக்கு ஏழு, முன்னேற்றம் இல்லை என்றுதானே இருக்கிறது? அதை அப்படி வரவைத்தவன் நான். பல மாதமாக உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏன் சொன்னேன் என்பதைத்தான் இனி எழுத வேண்டும். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

உனக்கு நினைவிருக்கும். உங்கம்மா போய் ஆறு மாதம் கழித்து என் முட்டி வீங்கிக்கொண்டது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எடையைக் குறையுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள், சரியாகவில்லை என்றால் பிறகு ஆபரேஷன் பார்க்கலாம் என்றார். நான் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். நீ அங்கே உட்கார்ந்து எதை எதையோ தேடி, மூட்டு வலிக்காரர்களுக்கென்று சென்னையிலிருந்து ஆன்லைனில் நடக்கிற ஒரு வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டாய். பெரிய போன் மாதிரி ஒரு டேப் வந்தது, அதற்கு ஸ்டாண்டு வந்தது, கால் வைத்தால் எண் காட்டுகிற எடை மிஷின் வந்தது, ரப்பர் பட்டை வந்தது. கரும்பு வெட்டி, சேற்றில் உழுது அறுபத்தாறு வயசு வரைக்கும் வந்த எனக்கு, எப்படி எழுந்து நிற்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் பாடமா என்று உன்னைத் திட்டினேன். நீ சிரித்தாய். "பன்னெண்டு வாரம்தான்ப்பா, எனக்காகப் பண்ணு" என்றாய். அந்த "எனக்காக" இல்லையென்றால் பெட்டியைப் பிரித்தே இருக்க மாட்டேன்.

செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு வகுப்பு. முதல் நாள் நான் சுத்தமாகக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் ஒன்பது கட்டம். எட்டில் என்னையும் சேர்த்து எட்டுக் கிழம். நடுக் கட்டத்தில் நித்யா என்று ஒரு பிசியோதெரபி பெண், உன்னைவிடப் பத்து வயசு சின்னவளாக இருப்பாள். "அப்பா, கேமராவைக் கொஞ்சம் கீழ இறக்குங்க, உங்க வூட்டு ஃபேன்தான் தெரியுது" என்றாள். வூடு என்கிறாளே, நம்ம பக்கம்தானா என்று கேட்டேன். திண்டிவனம் பக்கம் என்றாள். பிறகு வரிசையாக ஒவ்வொருவரிடமும், "இன்னைக்கு எப்படி இருக்கீங்க? வலி பத்துக்கு எவ்ளோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். என் முறை வந்தது.  எப்படி இருக்கிறாய் என்று யாராவது என் முகத்தைப் பார்த்துக் கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்து எத்தனை நாளாகிவிட்டது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும், அதுதான் முதல் பயிற்சி. நான் செய்துகொண்டிருக்கும்போது அஞ்சலை விளக்குமாறோடு உள்ளே வந்துவிட்டாள். "இன்னா பெரிப்பா இது, டிவி பொட்டி முன்னாடி குந்திகினு எழுந்துகினு கீற? சாமி கீமி வந்துடுச்சா?" என்றாள். எல்லா வீட்டுக்கும் கேட்டது. ஆரணியிலிருந்து வகுப்புக்கு வருகிற ரிட்டயர்டு டீச்சரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. உங்கம்மா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வகுப்பு இல்லாத நாளில் நடக்கச் சொன்னாள். நம் ஊரில் வேலை இல்லாமல் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். முதல் நாள் ஏரிக்கரையில் கையை வீசிக்கொண்டு போனேன், எதிரில் வந்த நாலு பேரும் நிறுத்தி, "இன்னாபா, மாடு கீடு காணோமா?" என்று கேட்டுவிட்டார்கள். மறுநாளிலிருந்து கையில் ஒரு கருக்கரிவாளும் சாக்கும் எடுத்துக்கொண்டேன். புல் அறுக்கப் போகிறேன் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். போகிற தூரம் கூடக் கூட மாட்டுக்கும் புல் அதிகமாகக் கிடைத்தது. அந்தப் புண்ணியத்தில் பாலும் கொஞ்சம் கூடியது.

அடுத்தது சாப்பாடு. ஒவ்வொரு வேளையும் சாப்பிடுவதற்கு முன்னால் தட்டைப் போட்டோ எடுத்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். பாதித் தட்டு காய், கால் தட்டுதான் சோறு. இதை உன்னிடம் சொன்னதே இல்லை. உங்கம்மா போன நாளிலிருந்து நான் தட்டில் போட்டுச் சாப்பிடவில்லை. அஞ்சலை வடித்து வைத்த சோற்றுப் பானைக்குள்ளேயே குழம்பை ஊற்றி, அடுப்படியில் நின்றுகொண்டு கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன். எவ்வளவு சாப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. உடம்பு ஏறியது அப்படித்தான். போட்டோ எடுக்க வேண்டும் என்றதும் பரணில் கிடந்த எவர்சில்வர் தட்டை இறக்கித் தேய்த்து, கீரை ஒரு பக்கம், அவரைக்காய் ஒரு பக்கம் என்று வைத்து, மேஜை முன்னால் உட்கார்ந்தேன். நித்யா அதற்கு ஒரு கைதட்டல் படம் போடுவாள். ஆரணி டீச்சர், "சார், கீரை கடைஞ்சது நீங்களா?" என்று எழுதுவார். யாரோ பார்க்கப் போகிறார்கள் என்பதற்காகவே நான் மறுபடியும் மனுஷனைப் போலச் சாப்பிட ஆரம்பித்தேன்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, வகுப்பில் நித்யா தண்ணீரைப் பற்றிப் பேசினாள். "நிறைய அம்மாங்க பாத்ரூம்ல உட்கார்ந்து எழுந்திருக்கக் கஷ்டப்பட்டுக்கினு தண்ணியே குடிக்க மாட்டாங்க. அப்படிப் பண்ணாதீங்க" என்றாள். நான் கேமராவை அணைத்துவிட்டேன். நெட் போய்விட்டது என்று பிறகு சொன்னேன். உங்கம்மாவுக்குப் பத்து வருஷம் முட்டி வலி. தோட்டத்துக் கக்கூஸில் அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து எழுந்த இடம் கறுப்பாகவே இருந்தது. நீ அங்கே போன புதிதில், "வெஸ்டர்ன் டைப் ஒண்ணு கட்டிடுப்பா, அம்மா பாவம்" என்றாய். "குந்தி எழுந்தாத்தாண்டா காலுக்கு நல்லது. பழக்கம் இல்லாததெல்லாம் இன்னாத்துக்கு?" என்றேன். அவள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. வெளியூர்க் கல்யாணம் என்றால் முந்தின நாள் மத்தியானமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். எதற்கு என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் போய், என் முட்டி வீங்கி, பத்தே நாளில் கொத்தனாரை வரவழைத்துப் படுக்கையறைக்குப் பக்கத்திலேயே கட்டிவிட்டேன். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். தினமும் காலையில் அங்கே உட்காரும்போது நான் எப்படிப்பட்டவனாக இருந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிகிறது. உன் வீட்டில் உன் பெண்டாட்டி எதையாவது சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருக்கிறாளா என்று நீயே போய்க் கேள். அவளாகச் சொல்வாள் என்று காத்திருக்காதே.

இப்போது பொய்க்கு வருகிறேன். முதல் பன்னிரண்டு வாரம் முடிந்தபோது எனக்கு எண்பத்தேழில் மூன்று கிலோ குறைந்து எண்பத்து நாலு ஆகியிருந்தது. ஆரணி டீச்சருக்கு ஐந்து. கடைசி வகுப்பில் நித்யா அவருக்குச் சர்ட்டிபிகேட் ஒன்றைத் திரையில் காட்டினாள், எல்லோரும் கைதட்டினோம். டீச்சர் அழுதார். அடுத்த செவ்வாய் அவருடைய கட்டத்தைக் காணவில்லை. குழுவிலும் அவர் பெயர் இல்லை. "டீச்சர் எங்கம்மா?" என்று கேட்டேன். "அவங்களுக்குச் சரியாயிடுச்சேப்பா. சரியானவங்க முடிச்சிட்டுப் போயிடுவாங்க. இன்னும் சரியாகாதவங்களுக்குத்தான் அடுத்த பன்னெண்டு வாரம். உங்களுக்கும் இன்னும் ரெண்டு கிலோ குறைஞ்சாப் போதும்" என்றாள், என்னமோ எனக்கு நல்ல சேதி சொல்வதாக நினைத்துக்கொண்டு. நான் அன்றைக்கு முழுக்க ஏர் ஓட்டியவன்போலக் களைத்துப் படுத்திருந்தேன். இரண்டு கிலோ குறைந்தால் செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. தட்டைப் பார்க்க ஆளில்லை.

சாப்பாட்டைக் கூட்டியிருந்தால் எடை தானாக ஏறியிருக்கும் என்று நீ கேட்பாய். எனக்கு அது முடியவில்லையடா. போட்டோவில் ஏமாற்றினால் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு பயம். பயிற்சியை விடவும் மனசு வரவில்லை, அதைச் செய்யும்போதுதானே அவள் "சூப்பர்ப்பா" என்பாள். அதனால் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு எடையில் மட்டும் பொய் சொன்னேன். வாரம் ஒரு நாள் மிஷின்மேல் நின்று, காலும் எண்ணும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். மாட்டுக் கொட்டகையில் மல்லாட்டை (நீ இப்போது வேர்க்கடலை என்கிறாய்) எடை போட்ட பழைய இரும்புக் கல்லெல்லாம் கிடந்தது. இரண்டு கிலோ கல்லைத் துடைத்து வேட்டி மடியில் கட்டிக்கொண்டு ஏறி நின்றேன். போட்டோவில் கால்தானே தெரியும். ஆனால் உடம்பு குறைந்துகொண்டே போனது, கல்லைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் மடியில் இரண்டு கிலோ, இடது கையில் ஐந்து கிலோ, வலது கையில் போன். விழாமல் நின்று படம் எடுப்பதே ஒரு பயிற்சிதான்.

சிரிக்காதே. நான் சிரிக்கவில்லை. உனக்குப் பத்து வயசில் உன்னைக் கூட்டிக்கொண்டு பாகூருக்கு மல்லாட்டை போடப் போனேனே, ஞாபகம் இருக்கிறதா? வியாபாரி தராசுத் தட்டின் அடியில் புளியை உருட்டி ஒட்டிவைத்திருந்தான். நான் தட்டைப் புரட்டிக் காட்டி, அவன் சட்டையைப் பிடித்து, கடைத்தெருவே கூடிவிட்டது. திரும்பி வரும்போது வண்டியில் உன்னிடம், "எடையில பொய் சொல்றவன்கிட்ட வேற எதுலயும் உண்மை இருக்காதுடா" என்றேன். நீ அதைப் பள்ளிக்கூடத்தில் போய் எல்லோரிடமும் சொன்னாய். அவன் நாலு காசுக்காகச் செய்தான். நான் செவ்வாய்க்கிழமைக்காகச் செய்தேன். எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வகுப்புக்காக மட்டும் என்றால்கூட நான் முன்பே நிறுத்தியிருப்பேன். இன்னொன்றும் இருந்தது. உன் ஞாயிற்றுக்கிழமை போன். இந்த வகுப்புக்கு முன்னால் அது எவ்வளவு நேரம் ஓடும், சொல்? சாப்ட்டியா, சாப்ட்டேன், மழை உண்டா, இல்லை, சரி வெச்சிடறேன். ரிப்போர்ட்டில் முன்னேற்றம் இல்லை என்று வந்த முதல் ஞாயிறு நீ முக்கால் மணி நேரம் பேசினாய். "ஏம்பா குறையல? இன்னா சாப்பிடற? தூக்கம் வருதா? எந்தப் பக்கம் வலிக்குது, காட்டு" என்று வீடியோ போட்டாய். காலை நீட்டச் சொன்னாய், மடக்கச் சொன்னாய். நடுவில் உன் ஆபீஸ் கதை சொன்னாய். உன் பெண் குறுக்கே வந்து எட்டிப் பார்த்து, தமிழில் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனாள். அதற்கடுத்த வாரம் புதன்கிழமைகூட ஒரு முறை கூப்பிட்டாய். நன்றாக இருக்கிற அப்பாவுக்கு மூன்று நிமிஷம், முட்டி வலிக்கிற அப்பாவுக்கு முக்கால் மணி நேரம். நான் அதிகம் படிக்காதவன்தான், ஆனால் இந்த வித்தியாசம் தெரியாத அளவுக்கு முட்டாள் இல்லை. அதன் பிறகு வலி எவ்வளவு என்று யார் கேட்டாலும் ஏழு என்றே சொன்னேன். உன்னைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை. என் அப்பாவிடம் நான் மூன்று நிமிஷம்கூடப் பேசியது கிடையாது.

பொய் இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்து நீயே புதுச்சேரியில் ஆஸ்பத்திரி பார்த்து, பழைய எக்ஸ்ரேயை அனுப்பி, அவர்கள் நேரில் வந்தால் பார்த்து முடிவு செய்யலாம் என்று சொல்ல, ஒரு தேதியும் வாங்கிவிட்டாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ மூன்று வாரம் என்றாயே, அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. திறக்காதது மட்டும் இல்லை. மாடியிலிருந்து இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். கத்தி ஒரு நாள், பையன் இருபது நாள் என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டேன். அறுத்தால் அறுக்கட்டும், டாக்டர் கேட்டால் வலிக்கிறது என்று கத்தினால் போயிற்று என்று தீர்மானமே செய்துவிட்டேன். எனக்கு இட்லி ஊட்டிவிடுவாயா, கைத்தாங்கலாகக் கூட்டிப்போவாயா என்றெல்லாம் நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து நாள் நான் சந்தோஷமாக இருந்தேன், அதையும் மறைக்கக் கூடாது.

நேற்று வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் நித்யா எனக்குத் தனியாகப் போன் செய்தாள். "அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சிக்கக் கூடாது."

"கேளும்மா."

"இன்னைக்கு அரை நிமிஷத்துல பதினாறு தடவை எழுந்து உட்கார்ந்தீங்க. முதல் நாள் அஞ்சுதான் முடிஞ்சுது. சட்டை தோள்ல நிக்கமாட்டேங்குது. எடை மட்டும் எப்படிப்பா அதே எண்பத்து நாலு? உங்க பையன் ஆபரேஷன்னு சொல்றாரு. எனக்குப் பயமா இருக்குது."

  நான் சொல்லிவிட்டேன், கல், மடி, வலி ஏழு எல்லாவற்றையும். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. "இத நான் கவனிச்சிருக்கணும்ப்பா. உங்க வகுப்புக்கு ஆறு பேரு காத்துக்கினு இருக்காங்க. ஒரு அம்மா வடலூர்லருந்து வாரா வாரம் போன் பண்ணிக் கேக்கறாங்க, இடம் வந்துச்சான்னு. படியே இறங்க முடியாம கீறாங்க" என்றாள். அதுதான் எனக்கு உறைத்தது. உங்கம்மாவைப் போல யாரோ ஒருத்தி எங்கோ சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவளுடைய கட்டத்தில் நான் கல்லைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"அப்ப நான் போயிடணுமாம்மா?" என்றேன்.

"ஆமாம்ப்பா. உங்களுக்குச் சரியாயிடுச்சி. ஆனா அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க பையன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. சொல்லலேன்னா நான் சொல்லியாகணும். எங்கிட்டருந்து போனா அது ஒரு ரிப்போர்ட்டாப் போயிடும், நீங்க சொன்னா நல்லது." கடைசியில், "உங்க தட்டு போட்டோவ நான் ரொம்ப மிஸ் பண்ணுவேன்ப்பா" என்றாள். எல்லோருக்கும் சொல்வாளாக இருக்கும். இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

இன்று காலை கல் இல்லாமல் மிஷினில் ஏறினேன். எழுபத்தேழு. போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பிவிட்டேன். வலி மூன்று என்று எழுதினேன். வடலூர் அம்மாவைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு இதை எழுத உட்கார்ந்தேன், இப்போது வெயில் ஏறிவிட்டது. அஞ்சலை இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டாள். "இன்னா பெரிப்பா, பத்திரமா எழுதற? நெலத்த யாருக்கு எழுதி வெக்கற?" என்றாள். உனக்குக் கடிதம் என்றேன். "அதான் வருதே புள்ள, வந்தா வாயால சொல்லிக்கினா ஆவாதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.  இதைப் படித்த பிறகு நீ வருவாயோ மாட்டாயோ எனக்குத் தெரியாதே.

உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும், அது நியாயம்தான். நீ அங்கே லீவுக்காக யார் யார் காலிலோ விழுந்திருப்பாய். அப்பாவுக்கு ஆபரேஷன் என்றால்தான் லீவு தருவார்கள், அப்பாவைப் பார்க்கப் போகிறேன் என்றால் தர மாட்டார்கள் என்றும் தெரிகிறது. நமக்குள்ளும் அப்படித்தானே வைத்திருந்தோம்? நீ வேலைக்குப் போன பிறகு நம் வீட்டுக்கு வந்ததெல்லாம் ஏதாவது ஒரு காரியத்துக்காகத்தான். உன் கல்யாணத்துக்கு வந்தாய், குழந்தைக்கு மொட்டை போட வந்தாய், உங்கம்மாவுக்குக் கொள்ளி வைக்க வந்தாய். கருமாதி முடிந்த மறுநாள் காரில் ஏறும்போது, "ஏதாவதுன்னா உடனே கூப்பிடுப்பா, வந்துடறேன்" என்றாய். நீ மனசாரத்தான் சொன்னாய். நான்தான் அந்த 'ஏதாவது'க்காகக் காத்திருந்து, அது வராமல் போனதும் நானே ஒன்றை உண்டாக்கிவிட்டேன். வரச் சொல்லி நான் உன்னை ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கேட்டால் பாரமாகிவிடுவேன் என்று பயம். என்னைப் போல நீ ஆகாதே. உன் பெண் வளர்ந்து தூரம் போகும்போது, வேண்டும் என்றால் வேண்டும் என்று கேட்டுவிடு.

ஆஸ்பத்திரித் தேதியை இன்றைக்கே ரத்து செய்துவிடு, செந்தில். டிக்கெட்டை என்ன செய்வது என்பது உன் இஷ்டம். எனக்கு இப்போது ஒரு நோயும் இல்லை, வீட்டில் ஒரு விசேஷமும் இல்லை, யாரும் சாகவும் இல்லை. ஒன்றுமே இல்லாத அப்பாவைப் பார்க்க நீ வருவாயா என்று கேட்கத்தான் இவ்வளவு பக்கம் எழுதினேன்.